தவிர

தமிழில் அது பெயருக்குப் பின்னால் வரும்.
ஞாயிறு தவிர. மழைநாள் தவிர.
பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான்
வெளியே நிறுத்துகிறோம்.
கட்டளை வரியிலோ முன்னாலேயே வந்துவிடுகிறது,
இரண்டு சிறுகோடு இழுத்துக்கொண்டு.
யாரைத் தள்ளுகிறோம் என்று தெரிவதற்குள்
தள்ளுவது முடிவாகிவிடுகிறது.

பெருங்குடி, மூன்றாவது மாடி, இரவு ஒன்பதரை.
குப்பைமேட்டுப் புகை ஏசி வழியாகவும் வருகிறது.
ஹஸீனா வெள்ளைப்பலகையில் எழுதுகிறாள்:
மட்டும். தவிர.
ஒரே வரியில் இரண்டையும் ஒருவன் கொடுத்தால்?
பில் மட்டும், பில் தவிர என்று கேட்டால்?
யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள் என்கிறேன்.
மழை பெய்யும்போது கேட்பார்கள் என்கிறாள்.

அவள் சொல்லாமல் விட்டது போன டிசம்பர்.
வேளச்சேரி டயாலிசிஸ் மையம்.
சர்வர் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில்.
தண்ணீர் வாசலில்.
யூபிஎஸ்ஸில் நாற்பது நிமிடம் மிச்சம்.
அடையாறு கிளைக்கு அனுப்ப ஒரு டாங்கிள்,
அதில் ஒரே ஒரு கோடு சிக்னல்.
முழுசாக எடுக்க ஆறு மணி நேரம்.
ஸ்கேன் படங்களை விடு என்றேன். சரி.
பழைய பில்களை விடு. சரி.
லாக் எல்லாம் எதற்கு இப்போது,
எல், ஓ, ஜி என்று தொடங்குவது எதுவும் வேண்டாம் என்று
ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன்.
அந்த நட்சத்திரத்துக்குக் கீழே
லாஜிஸ்டிக்ஸும் நின்றுகொண்டிருந்தது,
யாரை எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு
வேன் ஏற்றவேண்டும் என்கிற அட்டவணை.
முப்பத்தொரு வரிசை. நாலு கிலோபைட்.
ஒரு ஸ்கேன் படத்தின் மூலையில் அடங்கியிருக்கும்.

கருவி ஒன்றும் சொல்லவில்லை.
முடிந்தது என்றது.
நானும் நம்பி
முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு நடந்தேன்.

காலையில் வேன் ஓட்டும் டில்லிபாபு போன் செய்தார்:
சார், லிஸ்ட் காலியா வருது.
வைத்துவிட்டு, அவரே ஞாபகத்திலிருந்து
மடிப்பாக்கத்தில் ரெண்டு, ராம் நகர் பச்சை கேட்டு,
விஜயநகர் பால் பூத் எதிர்ச்சந்து என்று
போகமுடிந்த தெருவெல்லாம் போய்வந்தார்.
இருபத்தொன்பது பேர்.
அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த இருவரின் வீடு
அவருக்குத் தெரியாது.
ஒருவர் மதியம் டிராக்டரில் வந்தார்.
இன்னொருவர் மறுநாள், படகில்,
செருப்பு நுழையாத கால்களோடு.

அதனால்தான் மூன்றாவது இரவாக இந்தப் பலகை.
ஸ்கேன்களுக்குக் கூடு போதும், சரக்கு வேண்டாம்;
அதற்கு ஒரு சொல் வைத்தாயிற்று.
நோயாளியை விட்டுவிட்டு
அவர் அப்பாயிண்ட்மெண்ட்டை மட்டும் எடுத்தால்
இது யாருடையது என்று கருவி கேட்கவேண்டும்.
அடுத்தடுத்து இரண்டு தவிர வந்தால்
நடுவில் மறைந்திருப்பது உம்மா, அல்லதுவா?
பத்தாம் வகுப்பில் உம்மைத்தொகைக்கு
ஒரு மார்க் விட்டவன் நான்.
தொக்கி நிற்பதை யாராவது
விரித்துச் சொல்லியாக வேண்டும் என்பது
இப்போதுதான் உறைக்கிறது.

மட்டும் ஜெயிக்குமா, தவிர ஜெயிக்குமா?
யாரும் ஜெயிக்கவேண்டாம், நின்றுவிடட்டும் என்றாள்.

முடிந்தது என்கிற சொல்லை அழித்தேன்.
இனி முதலில் வருவது விட்டுப்போகிறவற்றின் பட்டியல்,
பெயரும் பக்கத்தில் வரிசைக் கணக்கும்.
அதற்கப்புறம் கர்சர், துடித்துக்கொண்டு,
ஒரு பதிலுக்காக.

சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு
ஆளில்லாமல் தானாக ஓடும்போது
யார் பதில் சொல்வது என்றாள்.
கேட்காமல் போக ஒரு வழி வேண்டும்தான்.
ஒற்றை எழுத்து வைக்கலாம் என்றேன்.
கூடவே கூடாது என்றாள்,
கை தவறிக்கூட அடித்துவிடுவாய்.
பேனாவை வாங்கி, பலகையில் மீதியிருந்த இடத்தில்
நெருக்கி எழுதினேன்:

--விட்டது-என்னவென்று-எனக்குத்-தெரியும்

அடித்துப் பார்த்தேன். பதினோரு விநாடி.
நடுவில் ஒருமுறை பிழை வந்தது.
இருக்கட்டும் என்றாள் ஹஸீனா.